சொல்லாமற் சொல்லும் குற்றச்சாட்டு

தேர்தல் மேடையில் ஒருவரைத் திருடன் என்று நேராகச் சொல்பவனிடம் அத்தாட்சி கேட்கலாம். "அவர் வீட்டு மாடி எப்படி எழும்பிற்று என்று நான் சொல்லவில்லை; நீங்களே யோசியுங்கள்" என்பவனிடம் எதைக் கேட்பது? அவன் சொன்னது ஒன்றுமில்லை. கேட்டவர் மனத்தில் விழுந்ததோ முழுக் குற்றச்சாட்டு.

அமெரிக்காவில், மேரிலாந்து ராஜ்யத்தில் 1950-ஆம் ஆண்டு நடந்த ஸெனட் தேர்தல் இதற்கு நல்ல உதாரணம். அவ்வாண்டு பிப்ரவரியில் ஜோஸப் மெக்கார்த்தி என்ற ஸெனட்டர், வெளிநாட்டு இலாகாவில் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகவும், பட்டியல் தம்மிடம் உள்ளதாகவும் முழங்கினார். முதற் பேச்சில் 205 பேர் என்று பத்திரிகைகள் வெளியிட்டன. பிறகு 57 என்றார். ஸெனட் சபையில் 81 ஆயிற்று. இதை விசாரித்த கமிட்டிக்குத் தலைவர் மில்லார்டு டைடிங்ஸ். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று கமிட்டியின் பெரும்பான்மையோர் அறிக்கை தந்தனர்.

நவம்பரில் டைடிங்ஸ் மீண்டும் தேர்தலுக்கு நின்றார். எதிர்த்தரப்பின் பிரசாரப் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. கம்யூனிஸ்டுக் கட்சியின் முன்னாள் தலைவர் ஏர்ல் பிரௌடர் அருகே டைடிங்ஸ் செவி சாய்த்திருப்பதுபோன்ற படம். அது இணைத்துச் செய்த படம் என்று அடியில் அச்சிட்டும் இருந்தது! தனித்தனியே இருவர் படமும் மெய். பிரௌடர் அக்கமிட்டியின் முன் சாட்சி சொன்னதும் மெய். ஒட்டிய இடத்தில்தான் பொய் இருந்தது. டைடிங்ஸ் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டென்பர். அதனால் படத்தின் குற்றம் குறைந்துவிடாது. 1951-ல் ஸெனட் உபகமிட்டி அப்பிரசாரத்தைக் கடிந்துரைத்தது. வென்றவர் பதவியோ பறிபோகவில்லை. மெக்கார்த்தியை ஸெனட் கண்டித்தது 1954 டிசம்பரில், 67-க்கு 22 வாக்குகளால். டைடிங்ஸுக்கு அதனால் என்ன பயன்?

குற்றம் சாட்டுபவன் நிரூபிக்க வேண்டும் என்ற நியாயம் இங்கே தலைகீழாகிறது. தாம் கம்யூனிஸ்டுகளுக்கு உடந்தையல்லர் என்று டைடிங்ஸ் எந்தச் சாட்சியைக் கொண்டு காட்டுவார்?

நம் சங்கத் தேர்தல்களிலும், "போன வருஷத்து நூல் கட்டுகள் எங்கே போயினவோ, உரமூட்டைகள் எங்கே போயினவோ!" என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. அங்கத்தினர் எழுந்து, எந்த மாதம், எத்தனை கட்டு, எந்தப் பேரேட்டில் என்று கேட்க வேண்டும். கேட்டால் பழைய நிர்வாகிகளுக்குப் பரிந்து பேசியதாகாது. மெய்யாகவே கையாடல் நடந்திருந்தால், ஜாடைப் பேச்சு கையாடியவருக்கே அனுகூலம்: அது மகாசபை நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது, தணிக்கையாளர் பார்வைக்கும் போகாது.