கொழுந்தெடுத்த கைகள் எங்கே?

'தே தாரிக்' என்னும் மலேசியப் பால் தேநீரை ஆற்றும் ஒருவரின் பெரிய உருவம். கிட்டே போனால் முழுக்க முழுக்கத் தேயிலைப் பைகள். மலேசியாவின் சபாவில் பிறந்த கலைஞர் ரெட் ஹோங் யீ, 2015 டாவோஸ் உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்துக்காகச் செய்த படைப்பு இது. ஏறக்குறைய 20,000 பைகளை வெந்நீரில் ஊறவைத்து, பழுப்பின் வெவ்வேறு சாயல்களை வரவழைத்து, அவற்றைக் கோத்தே மனிதனை வரைந்தார். 2013-இல் வெள்ளைத் தட்டில் உணவுப் பொருள்களை வைத்து ஒரு மாதம் தினமும் ஒரு படம் செய்தவரும் இவரே.

அழகான வேலை. ஆனால் மலேசியாவில் தேயிலை விளையும் கேமரன் மலையை அறிந்தவர்களுக்கு அதற்குள் இன்னொரு கணக்கும் தெரியும். பைக்கு 2 கிராம் தூள் என்று வைத்தாலும் 40 கிலோ ஆகிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆக, அந்தப் படத்துக்குப் பின்னால் 160 முதல் 200 கிலோ வரை கொழுந்தும், சரிவில் நின்று அதை எடுத்த கைகளும் இருக்கின்றன. தேநீர் ஆற்றுபவர் படத்தில் இருக்கிறார், கொழுந்தெடுத்தவர் இல்லை.

கேமரன் மலை, 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் அளந்து சொன்ன மலை. 1929-இல் ரசல் என்பவர் அங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் செடி நட்டு, லயங்களில் குடும்பம் நடத்தியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். இன்று பல சரிவுகளில் இயந்திரம்தான் கொழுந்து வெட்டுகிறது. அதைப் பிடித்து நடப்பவர்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் உண்டு. அந்தத் தோட்டத்தின் சுங்கை பாலாஸ் தேநீர் நிலையத்துக்கு வருகிறவர்கள் பச்சைச் சரிவைப் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தப் படங்களிலும் ஆள் இல்லை.

கல்லும் வெண்கலமும் போன்றதல்ல உணவு. யாரோ குனிந்து விளைவித்த பிறகே அது கலைஞரின் கைக்கு வருகிறது. அமெரிக்கக் கலைஞர் காரா வாக்கர் இதை உணர்ந்தவர். 2014-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், இடிக்கப்படவிருந்த டோமினோ சர்க்கரை ஆலைக்குள், வெள்ளைச் சர்க்கரை பூசிய மாபெரும் கறுப்பினப் பெண் உருவம் ஒன்றை எழுப்பினார். கரும்புக் காட்டில் கூலியின்றி உழைத்தவர்களுக்கு அது காணிக்கை என்பதைப் படைப்பின் நீண்ட தலைப்பிலேயே எழுதிவைத்தார். அதைச் சுற்றி நின்ற வெல்லப்பாகுச் சிறுவர் சிலைகளில் சில வெக்கையில் உருகிக் கரைந்தன. சீனக் கலைஞர் அய் வெய்வெய் 2006-இல் ஒரு டன் பூஆர் தேயிலையை அழுத்திக் கனசதுரமாக்கினார். அதில் பாரம் தெரிகிறது, சுமந்தவர் தெரியவில்லை.

நமக்கு நெருக்கமானவர் இலங்கை மலையகத்தின் கலைஞர் ஹனுஷா சோமசுந்தரம். தேயிலைப் பை, தேநீர் வடிகட்டி, தேயிலைக் கறை ஆகியவற்றைக் கொண்டே தோட்டப் பெண்களின் வாழ்க்கையைப் படைக்கிறார். அவருக்குத் தேயிலை வெறும் நிறமன்று, வீட்டுக் கதை.

உணவால் உருவம் செய்வது நமக்குப் புதிதல்ல. ஐப்பசிப் பௌர்ணமியில் லிங்கத்தைச் சோற்றால் மூடி அன்னாபிஷேகம் செய்கிறோம். பிறகு அந்தச் சோற்றைப் பகிர்ந்து உண்கிறோம். உணவு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை அந்தச் சடங்கு சொல்கிறது. அது யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்வது இன்றைய கலைஞரின் பொறுப்பு.

கேமரன் மலையிலும் அப்படியொரு படைப்பு வர வேண்டும். அதற்கு வெளிநாட்டுக் கலைஞர் தேவையில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் ஓவிய வகுப்பில் தேயிலைச் சாயத்தை வண்ணமாகக் கொடுங்கள். பாட்டி எடுத்த கொழுந்தைப் பேரப்பிள்ளைகள் அவள் முகமாகவே வரையட்டும். தோட்டங்கள் தூளும் சுவரும் தந்தால் போதும். அந்தச் சுவரில் இப்போது உழைக்கும் வங்காளதேசத்து இளைஞனுக்கும் இடம் இருக்கட்டும்.