ஐம்பத்து நாலாயிரம் பேருக்கு ஓர் ஆட்சி

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஐரோப்பாப் படத்தைச் சுவரில் மாட்டிப் பூகோள பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் இடையில், நீலக் கடலின் நடுவே ஈ உட்கார்ந்துவிட்டுப் போனதுபோல் சில புள்ளிகள் இருக்கின்றன. அவற்றைப் பிரம்பால் தொட்டுக் காட்டி, "இவை பாரோ தீவுகள், டென்மார்க் ராஜ்யத்தைச் சேர்ந்தவை. ஆனால் இவற்றுக்குத் தனிச் சட்டசபை உண்டு, தனிப் பிரதம மந்திரி உண்டு, தனிக் கொடியும் உண்டு" என்றேன்.

"அங்கே ஜனத்தொகை எவ்வளவு, ஸார்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்.

"ஐம்பத்து நாலாயிரம் சொச்சம்" என்றேன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கே அதைவிட அதிகக் கூட்டம் வருமே, ஸார்! அவர்களுக்கு எதற்கு ஒரு பார்லிமெண்டு?" என்றான் அவன்.

நான் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. அது குறும்புக் கேள்விதான். ஆனால் மூடக் கேள்வியன்று. ஒரு ஜனசமூகம் தன்னைத் தானே ஆண்டுகொள்ள எத்தனை தலை வேண்டும்? அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை வாசகர்களுக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

பாரோ என்பது பதினெட்டுத் தீவுகள் கொண்ட கூட்டம். அவற்றுள் ஒன்றைத் தவிர மற்றவற்றிலெல்லாம் மனிதர் வசிக்கிறார்கள். மொத்தப் பரப்பு 540 சதுர மைல். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறைத் தீவுகள் இவை. மேற்கிலும் வடக்கிலும் செங்குத்தாகக் கடலில் இறங்கும் பாறைச் சுவர்கள். அவற்றில் லட்சக்கணக்கான கடற்பறவைகள். மிக உயர்ந்த சிகரம் 2,900 அடிக்குச் சற்றுக் குறைவு. தீவில் எங்கே நின்றாலும் மூன்று மைலுக்குள் கடல் வந்துவிடும். வடதுருவத்துக்கு இவ்வளவு அருகிலிருந்தும், தென்மேற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டத்தின் தயவால் குளிர்காலத்தில் துறைமுகங்கள் உறைவதில்லை. ஆனால் மழையும் மூடுபனியும் காற்றும் ஓய்வதில்லை. அந்தக் காற்றில் மரங்கள் தாமாக வளர்வதில்லை. எங்கும் பசும்புல்; புல்லின்மேல் ஆடுகள். மனிதரைவிட ஆடுகளின் தொகை அதிகம். தீவின் பெயருக்கே 'ஆட்டுத் தீவு' என்றுதான் பொருள் சொல்வார்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் வம்சம் இந்த ஜனங்கள். தலைநகரான டோர்ஷாவ்னில், கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு பாறை முனையில் அவர்களுடைய முன்னோர் கூடி வழக்குத் தீர்த்தார்கள், சட்டம் செய்தார்கள். இன்றும் அதே முனையில்தான், புல் வேய்ந்த கூரையுடைய செந்நிற மரக் கட்டடங்களில், பிரதம மந்திரியின் காரியாலயம் நடக்கிறது. இவர்களுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சாஸனம் 1298-ஆம் வருஷத்தது. அதில் பேசப்படுவது யுத்தமோ ராஜ வம்சமோ அல்ல. ஆட்டு மேய்ச்சலின் ஒழுங்கு! அண்டை வீட்டுக்காரனோடு சண்டையின்றி வாழ்வதற்கு வேண்டிய விதிகளைத் தேடுவதுதானே அரசியலின் ஆரம்பம்?

நார்வே அரசருக்கு அடங்கியிருந்த தீவுகள், நார்வே டென்மார்க்கோடு இணைந்தபோது அதோடு சேர்ந்து போயின. 1814-ல் நார்வே பிரிந்தது. பாரோ மட்டும் டென்மார்க்கிடமே தங்கிவிட்டது. 1816-ல் பழைய சபையும் கலைக்கப்பட்டு, தீவுகள் டென்மார்க்கின் ஒரு ஜில்லாவாயின. 1852-ல் சபை திரும்ப வந்தது; ஆனால் ஆலோசனை சொல்லும் அதிகாரந்தான் அதற்கு இருந்தது.

வியாபாரத்தின் கதை இதைவிடக் கசப்பானது. சுமார் முந்நூறு வருஷம் தீவின் வியாபாரம் முழுவதும் ஏகபோகமாக இருந்தது. ஆட்டு ரோமத்தில் பின்னிய காலுறைகளைக் கொடுத்துவிட்டுத் தானியம் வாங்க வேண்டும். விலையை நிர்ணயிப்பது வேறொருவர். இதை எதிர்த்தவர்களுள் நோல்சோய் தீவைச் சேர்ந்த பால் என்ற மாலுமி முக்கியமானவர். 1804-ல், உடைந்த கப்பலொன்றின் மரத்தைக் கொண்டு ஒரு கப்பல் கட்டி அவர் அயல்நாட்டு வியாபாரத்துக்குப் புறப்பட்டார். அதிகாரிகளைக் கொடும் பறவைகளாகவும், சிறு பறவைகளை எச்சரிக்கும் கடற்கரைப் பறவையாகத் தம்மையும் வைத்து ஒரு நீண்ட பாட்டுப் பாடினார். 1808-09 குளிர்காலத்தில், பஞ்சத்தில் வாடிய தீவுக்கு லண்டனிலிருந்து தானியம் ஏற்றித் திரும்பியவர் கரை சேரவில்லை. ஏகபோகம் 1856-ல் ஒழிந்தது. அவர் பாட்டில் வந்த பறவையே இன்று தீவின் தேசியப் பறவை.

இனி பாஷைக்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தம் வந்ததிலிருந்து கோயிலிலும் கோர்ட்டிலும் பின்னர்ப் பள்ளியிலும் டேனிஷ் பாஷையே ஆட்சி செய்தது. பாரோ மொழிக்கு எழுத்து நடையே இல்லாமல் போயிற்று. அது எங்கே பிழைத்திருந்தது என்று கேட்டால், அடுப்பங்கரையிலும் நடனத்திலும் பிழைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நீண்ட குளிர்கால இரவுகளில் ஆணும் பெண்ணும் கைகோத்து வட்டமாக நின்று, வாத்தியம் ஏதுமின்றி, நூற்றுக்கணக்கான அடிகள் கொண்ட பழங்கதைப் பாட்டுகளைப் பாடிக்கொண்டே அடி எடுத்து வைப்பார்கள். அந்தப் பாட்டுகள் வாய் வழியாகவே மொழியைக் காத்தன. 1846-ல் ஹாம்மர்ஷைம்ப் என்ற பாதிரியார் அதற்கு எழுத்திலக்கணம் வகுத்தார். 1888-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டோர்ஷாவ்ன் சபை மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. தாய்மொழியையும் பழக்கவழக்கங்களையும் காப்பதே அதன் நோக்கம். கிர்க்யுபோர் கிராமத்து விவசாயி மகன், இருபத்திரண்டு வயது யோவன்னஸ் பாட்டுர்ஸன் எழுதிய கவிதை அங்கே வாசிக்கப்பட்டது. பிற்காலத்தில் சுயாட்சி இயக்கத்துக்குத் தலைவராக விளங்கியவர் அவரே.

ஆனாலும் பள்ளிக்கூடக் கதவு உடனே திறந்துவிடவில்லை. 1912-ஆம் வருஷத்து விதி, பெரிய பிள்ளைகளுக்கு டேனிஷ் மொழியிலேயே பாடம் நடத்த வேண்டும் என்றது. இதற்கு இணங்க மனமில்லாமல் வேலையைத் துறந்த உபாத்தியாயரும் உண்டு. உபாத்தியாயர் உத்தியோகத்தில் இருப்பவனாதலால் அந்தத் தியாகத்தின் எடை எனக்குத் தெரிகிறது. அவ்விதி 1938-ல்தான் நீங்கியது.

கொடியின் வரலாறும் இதே போன்றதுதான். கோபன்ஹேகனில் படித்துக்கொண்டிருந்த பாரோ மாணவர் சிலர் வெள்ளைத் துணியில் நீல ஓரமிட்ட சிவப்புச் சிலுவையை அமைத்தார்கள். 1919-ல் பாம்யின் என்ற கிராமத்தில் ஒரு கல்யாணத்தின்போது அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதற்கு அரசாங்க மரியாதை கிடைத்தது யுத்தத்தினால். 1940 ஏப்ரல் 9-ந் தேதி ஜெர்மானியர் டென்மார்க்கைப் பிடித்தார்கள்; சில தினங்களுக்குள் பிரிட்டிஷ் படை பாரோவில் இறங்கியது. சத்துருவின் கைப்பட்ட நாட்டின் கொடியோடு பாரோக் கப்பல்கள் எப்படிக் கடலில் செல்வது? ஏப்ரல் 25-ந் தேதி பிரிட்டன் பாரோக் கொடியை அங்கீகரித்தது. ஐந்து வருஷம் தீவின் சபை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டது. பாரோ மாலுமிகள் பிரிட்டனுக்கு மீன் கொண்டு சென்றார்கள். இருநூறு பேருக்கு மேல் கடலில் மாண்டார்கள். அவ்வளவு சிறிய சமூகத்தில் இருநூறு உயிர் என்றால், துக்கம் புகாத கிராமம் இருந்திருக்குமா?

யுத்தம் முடிந்தது. பழைய ஜில்லாவாகத் திரும்ப எவருக்கும் மனமில்லை. 1946 செப்டம்பர் 14-ந் தேதி ஜன வாக்கெடுப்பு நடந்தது. டென்மார்க் அரசாங்கத்தின் யோசனையை ஏற்பதா, அல்லது பிரிந்து போவதா என்பதே கேள்வி. பிரிவதற்கு 5,660 பேர்; யோசனையை ஏற்பதற்கு 5,499 பேர். வித்தியாசம் 161! இரண்டையும் விரும்பாமல் சீட்டைச் செல்லாததாக்கியவர்கள் தொகைகூட இதைவிட அதிகம். பாட்டுர்ஸன் இதைப் பார்க்க உயிரோடில்லை. சில வாரங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார்.

சபையில் இருந்த பிரிவினைக் கட்சியார் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தனர். டென்மார்க் அதை ஏற்கவில்லை. அரசர் சபையைக் கலைத்தார். நவம்பரில் நடந்த தேர்தலில் பிரிவினையை விரும்பாதவர்களே பெரும்பான்மை பெற்றனர். இதை ஜனங்களின் சபல புத்தி என்று எள்ளி நகையாடியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே மேஜையில் உண்ணும் அண்ணனும் தம்பியும் இரு பக்கமாக வாக்களித்துவிட்டு, மறுநாள் ஒரே படகில் மீன் பிடிக்கப் போக வேண்டிய ஊர் அது. 161 வாக்கைக் கொண்டு ஒரு பாதி மறு பாதியை இழுத்துச் செல்ல முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

பேச்சு வார்த்தையின் பலனாக, 1948 ஏப்ரல் முதல் தேதி சுயாட்சிச் சட்டம் அமலுக்கு வந்தது. பாரோ மொழியே தலைமை மொழி என்றது அச்சட்டம். டேனிஷ் மொழியையும் நன்றாகக் கற்பிக்க வேண்டும் என்றது. அதன் மற்றோர் அம்சந்தான் என் மனத்தைக் கவர்ந்தது. அதிகாரங்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கவில்லை. ஜாபிதா எழுதி வைத்தார்கள். அதில் எந்த இலாகாவை ஏற்றுக்கொள்ளலாம் என்று தீவின் சபையே தீர்மானிக்கலாம். ஆனால் ஏற்றுக்கொண்ட காரியத்துக்குச் செலவும் ஏற்றுக்கொண்டவருடையதே. 2005-ல் வந்த சட்டம் ஜாபிதாவை இன்னும் விரிவாக்கியது. அரசியலமைப்பு, பிரஜா உரிமை, உச்ச நீதிமன்றம், பாதுகாப்பும் வெளிநாட்டு விவகாரமும், நாணயம் ஆகியவை தவிர, மற்றவற்றையெல்லாம் தீவு தன் கைக்குக் கொண்டுவரலாம். யுத்த காலத்தில் பிரிட்டிஷார் அமைத்த விமான நிலையம் 2007-ல் இவ்வாறு கைமாறியது. போலீஸ் போன்றவை இன்னும் டென்மார்க் வசமே உள்ளன.

1973-ல் டென்மார்க் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தபோது பாரோ சேரவில்லை. தன் மீன்பிடி கடல் தன் கையில் இருக்க வேண்டும் என்பதே காரணம். ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீன்தான், வேறென்ன செய்வார்கள்?

சுயாட்சி எப்போதும் ஏறுமுகமாகவே இருந்ததென்று வாசகர்கள் எண்ண வேண்டாம். 1980-க்குப்பின் கடன் வாங்கிக் கப்பலும் ஆலையும் கட்டினார்கள், மீனோ குறைந்தது. 1992-ல் பாங்குகள் ஆட்டம் கண்டன. டென்மார்க்கிடம் கடன் வாங்க நேர்ந்தது. வேலையின்றி வெளியேறியவர்களால் ஜனத்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. 2000-ஆம் வருஷம் மறுபடியும் பூரண சுதந்திரத்தைப் பற்றிப் பேசப் போனார்கள். "பிரிந்தால் மானியம் நாலு வருஷத்தில் நின்றுவிடும்" என்றது டென்மார்க். 2001-ல் நடத்த எண்ணியிருந்த வாக்கெடுப்புக் கைவிடப்பட்டது. பின்னர் மானியத்தைக் குறைத்துக்கொள்ள அவர்களே உடன்பட்டார்கள். இன்று அது நாட்டின் மொத்த வருமானத்தில் சிறு பங்குதான்.

பழியும் இப்படித்தான் ஏற்க வேண்டியிருக்கிறது. திமிங்கில இனத்தைக் கரைக்கு ஓட்டிக் கொன்று, இறைச்சியை ஊரார் பங்கிட்டுக்கொள்வது அங்கே நெடுநாளைய வழக்கம். உலகத்தில் பலர் அதைக் கண்டித்து வருகிறார்கள். 2021 செப்டம்பரில் ஒரே நாளில் 1,400-க்கு மேற்பட்ட கடற்பன்றிகளைக் கொன்றபோது உள்ளூரிலேயே முணுமுணுப்பு எழுந்தது. மறுவருஷம் தீவின் அரசாங்கம் அவற்றுக்கு ஆண்டுக்கு 500 என்று வரம்பு கட்டியது. அது போதுமா என்ற விவாதம் வேறு. கேள்வி கேட்டது உலகம். பதில் சொல்ல வேண்டி வந்தது டோர்ஷாவ்ன்.

இன்று சட்டசபையில் 33 அங்கத்தினர். டென்மார்க் பார்லிமெண்டுக்கும் இருவரை அனுப்புகிறார்கள். தீவுகளை இணைக்கக் கடலடியில் சுரங்கப் பாதைகள் குடைந்திருக்கிறார்கள். 2020-ல் திறந்த பாதை ஏழு மைல் நீளம், கடலடியில் முச்சந்தி வட்டத்தோடு! போனவர்களில் பலர் திரும்பினார்கள். ஜனத்தொகை 2017-ல் ஐம்பதினாயிரத்தைத் தாண்டியது. ஆண்டுதோறும் ஜூலை 29-ந் தேதி அங்கத்தினர்கள் ஊர்வலமாகக் கோயிலுக்குச் சென்று வணங்கிவிட்டு வந்து சபையைத் தொடங்குகிறார்கள்.

இப்போது அந்தக் கடைசி வரிசைப் பையனுக்கு வருகிறேன். தம்பி, பார்லிமெண்டு என்பது கூட்டத்துக்குப் போடும் பந்தல் அன்று. கூட்டம் பெரிதா சிறிதா என்று பார்த்துப் போடுவதற்கு. குடும்பத்தில் நாலு பேர்தான் என்பதற்காக அடுத்த வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவைப்போமா? சாவி நம் கையில் இருந்தால் எண்ணெய்க் கடன் நம்முடையது; ஒழுகும் கூரையும் நம்முடையது. அந்த மக்கள் ஒவ்வோர் அறைச் சாவியாகக் கேட்டு வாங்கி, ஒவ்வோர் அறைக்கும் விளக்கேற்றும் செலவையும் ஏற்று வருகிறார்கள். சில அறைகள் இன்னும் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை என்று திறப்பது என்பதைப் பற்றி அவர்களுக்குள் இன்றும் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் தாங்களே என்பதில் மட்டும் அவர்களுக்குள் பேதம் இல்லை.

நாளைக் காலை முதல் மணி பூகோளம். படத்தை மறுபடியும் மாட்டப் போகிறேன்.