சிபில் மேல் போடும் பழி

கிணத்துக்கடவுச் சந்தையில் கடன் பேச்சு எடுத்தால் போதும், "பழைய வரி பாக்கி ஒண்ணு கெடக்குதுங்க, அதுல சிபில் அடிபட்டுப் போச்சு" என்று யாராவது சொல்வார்கள். கேட்கிறவரும் "ஆமாங்க" என்பார். அடுத்து வருவது, அதைத் துடைத்துத் தரும் ஏஜென்ட்டின் போன் நம்பர். இந்த நம்பிக்கை தவறு. இதை வைத்தே ஒரு கூட்டம் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

சிபில் என்னும் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் வரி பாக்கிக்கு இடமே கிடையாது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனச் சட்டப்படி அங்கே விவரம் அனுப்புகிறவர்கள் கடன் கொடுத்தவர்கள்: வங்கி, நிதி நிறுவனம், கிரெடிட் கார்டு கம்பெனி. டிராக்டர் தவணை தவறினால் அதில் ஏறும். வருமான வரி நோட்டீஸ் ஏறாது. விற்பனை வரிக்காக நிலமே ஜப்தியாகியிருந்தாலும் ஏறாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கேயும் 2018 ஏப்ரலுக்குள் மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்களும் வரி பாக்கிப் பதிவுகளை நீக்கிவிட்டன.

பிறகு ஏன் மேனேஜர் கையை விரிக்கிறார்? அவர் பார்க்கும் காகிதங்களில் சிபிலும் ஒன்று, அவ்வளவுதான். வங்கி வக்கீல் கையில் இருப்பது வில்லங்கச் சான்று. பழைய வணிக வரி பாக்கிக்காகச் சொத்தை முடக்கிய உத்தரவு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், அது அங்கே அப்படியே நிற்கும். அப்பா நடத்திய மில்லுக்கு விழுந்த வரி, மகன் வீட்டுக் கடன் கேட்கும் நாளில்தான் தலைகாட்டும். வங்கி ஏலத்தில் இடம் வாங்கியவர்களும் இதில் மாட்டுகிறார்கள். அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிக்கே முதல் உரிமை, விற்பனை வரிக்கு அடுத்த இடம்தான் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2016 நவம்பரில் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பு வந்ததால் வில்லங்கத்தில் உள்ள பதிவு தானாக அழியாது. வரி அலுவலகத்திலிருந்து விடுவிப்பு உத்தரவு வாங்க வேண்டும். மறுத்தால் நீதிமன்றம் போக வேண்டும். தமிழக அரசின் 2023 சமாதானத் திட்டத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குள்ளான பாக்கிகள் முழுதாகத் தள்ளுபடியாயின. அப்படித் தப்பித்தவர்களும் ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

வருமான வரியின் கதை வேறு. அந்தப் பழைய கோரிக்கைகள் துறையின் இணையதளத்தில், உங்கள் பான் எண்ணுக்குக் கீழே கிடக்கின்றன. 245-ஆம் பிரிவைக் காட்டி, இந்த வருட ரீஃபண்டை அதில் கழித்துக்கொள்வார்கள். பிடித்தம் செய்த வரி கணக்கில் சேராதது, கட்டிய சலான் பதிவாகாதது என்று பாதிக் கோரிக்கைகளின் பின்னணியே தகராறானது. சரிபார்க்கப்படாத இத்தகைய கோரிக்கைகள் 1962 வரைகூடப் பின்னோக்கிப் போகின்றன என்று 2024 பிப்ரவரி 1 பட்ஜெட் உரையில் நிதியமைச்சரே சொன்னார். 2009-10 நிதியாண்டு வரையிலானவற்றில் 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரையிலானவற்றில் 10,000 ரூபாய் வரையும் கைவிட்டார்கள். ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் என்பது உச்சவரம்பு. அதற்கு மேலே நிற்பதை நீங்கள்தான் எதிர்க்க வேண்டும். இணையதளத்தில் 'ஏற்கவில்லை' என்று காரணத்தோடு பதில் போடலாம். உத்தரவில் கணக்குப் பிழை இருந்தால் 154-ஆம் பிரிவில் திருத்தம் கேட்கலாம். அதற்கு, உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு வருடம்தான் கெடு. 'பழசானா தானே செத்துப்போகும்' என்று காத்திருந்தவர்கள் கோட்டைவிடுவது இந்தக் கெடுவைத்தான்.

சிபிலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கட்டி முடித்த கடன் பாக்கியாகவே நிற்பதெல்லாம் அங்கே சாதாரணம். அதற்குப் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. 30 நாளில் தீர்க்காவிட்டால், 2024 ஏப்ரலிலிருந்து நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. முழு அறிக்கையும் வருடத்துக்கு ஒருமுறை இலவசம். ஏஜென்ட் செய்வதெல்லாம், இல்லாத வரிப் பதிவை 'தூக்கிட்டேன்' என்று சொல்லி, எப்போதும் இருந்த அதே அறிக்கையை அச்செடுத்து நீட்டுவதுதான். இதைவிடச் சுலபமான வேலை உண்டா?

கடன் மறுக்கப்பட்டால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது 2007 முதல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குப் போட்ட விதி. மேனேஜரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். போக வேண்டியது கோவை ரேஸ் கோர்ஸ் வருமான வரி அலுவலகமா, கிணத்துக்கடவு சார்பதிவாளர் அலுவலகமா, சிபிலா என்பது அந்தத் தாளில் இருக்கும்.