இரண்டு அங்குலம்

என்னிடம் பயிற்சி பெற்ற சென்டர் பேக் ஒருவன், கல்லூரிகளுக்கு அனுப்பிய விவரக்குறிப்பில் தன் உயரம் 6 அடி 1 அங்குலம் என்று போட்டிருந்தான். உண்மையில் 5 அடி 11. வீட்டில் சொல்லிப் போட்டது. எனக்கும் தெரியும், கண்டும் காணாமல் விட்டேன். கோடை முகாமில் அவனுக்குக் கைகொடுத்த கல்லூரிப் பயிற்சியாளர் அன்று மாலையே என்னை அழைத்தார். உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மார்க்காவது சரிதானா?" என்று மட்டும் கேட்டார்.

விவரக்குறிப்பின் அடியில் கிளப் பயிற்சியாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். எண்ணைக் கொடுக்கும்போதே நாம் அந்தப் பிள்ளைக்கு ஜாமீன் நிற்கிறோம்.

இப்போது நெருக்கடி கூடியிருக்கிறது. 2025-இல் முடிவான வழக்குச் சமரசத்தை ஏற்ற, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவுக் கல்லூரிகளில் கால்பந்து அணிக்கு 28 பேர்தான். பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 முதல் அப்பிரிவுப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளுடன் நேரடியாகப் பேசலாம். அந்தத் தேதி நெருங்க நெருங்க வீடுகளில் பதற்றம் ஏறுகிறது, எண்களும் கூடவே ஏறுகின்றன. மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு ஜி.பி.ஏ.வை நாமே நிரப்புவது நல்லது. முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்களில் குறைந்தது 2.3 வேண்டும், அவற்றில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அங்கே பணம் பெரும்பாலும் படிப்பையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத்தான் வரும்.

விவரக்குறிப்பில் வீட்டு முகவரி வேண்டாம். பட்டம் பெறும் ஆண்டு, ஆடும் இடம், பழகிய கால், ஜெர்சி எண், அடுத்த ஆட்டங்களின் தேதியும் மைதானமும் போதும்.

வீடியோவுக்குத்தான் நாம் உட்கார்ந்து நேரம் கொடுக்க வேண்டும். நான்கு நிமிடம், பாட்டு இல்லாமல், முழு ஆட்டத்தின் இணைப்போடு. பல பிள்ளைகள் பந்து காலில் பட்ட நொடியிலிருந்து வெட்டுகிறார்கள். பார்ப்பவருக்கு வேண்டியதோ அதற்கு முந்தைய ஐந்து நொடிகள்: தலையைத் திருப்பிப் பார்த்தானா, எங்கே நின்றான், எப்போது நகர்ந்தான்.

அந்தப் பையனின் வீடியோவை அவனோடு உட்கார்ந்து மறுபடி வெட்டினேன். முதல் காட்சி ஒரு கோல் கிக். எதிரணி ஃபார்வர்ட் அவனைவிட அரைத்தலை உயரம். கீப்பர் பந்தை உதைக்க ஓடிவரும்போதே இவன் இரண்டு அடி பின்வாங்கி, தோளுக்கு மேல் ஒருமுறை பார்த்து, பந்து இறங்கும் இடத்துக்கு முன்னால் வந்து எழும்புகிறான். ஃபார்வர்ட் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. இவன்மேல் அம்புக்குறி போட்டு, அதன் கீழே 5 அடி 11 என்று எழுதினோம்.