இடிப்பதற்கும் பொறுமை வேண்டும்

கட்டுவதே கடினம், இடிப்பது எளிது என்பர். நான் அதை ஏற்கவில்லை.

2021 டிசம்பர் 17-ஆம் நாள் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். அதன்பின் தமிழகமெங்கும் பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களை இடிக்க அரசு ஆணையிட்டது. வேண்டிய செயலே. ஆனால், பக்கத்து அறையில் பாடம் நடக்கையில் இடிக்கலாமா?

நம் சங்கரன்கோவிலில் தறி ஓடும் வீடுகள் பல. இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டில் சம்மட்டி விழுந்தால் மறு வீட்டில் காரை உதிரும். எங்கள் தெருவில் அப்படி நடந்தபோது பாவெல்லாம் புழுதி. இழுப்பு நோயுள்ள பாட்டி ஒருவர் மூன்று இரவு உறவினர் வீட்டில் தங்கினார்.

உத்தரம் தாங்கும் சுவர் எது, தடுப்புச் சுவர் எது என்றறிந்து, முட்டுக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்தி, மேலிருந்து கீழாக இடிக்க வேண்டும். நீர் தெளித்தால் புழுதி அடங்கும். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுப்பது. இடிபாட்டை மாடியில் குவித்தால் தளம் தாங்காது. சாக்கில் கட்டி அன்றன்றே இறக்க வேண்டும். குளத்தங்கரையில் கொட்டலாகாது; முழுச் செங்கலும் மரமும் மீண்டும் உதவும்.

இதெல்லாம் வீண்செலவு என்பார் உண்டு. சம்மட்டி பிடிப்பவரின் மூச்சுக்கும் அண்டை வீட்டாரின் உறக்கத்திற்கும் விலையில்லையா? கட்டப் பொறுப்பவர் இடிக்கவும் பொறுக்கட்டும்!