மூன்று வயதிலே விழும் கோடு

சேந்தமங்கலம் கடைவீதியில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள், தோழர்களே! மஞ்சள் வண்டி வருகிறது. கழுத்துப்பட்டை கட்டிய மூன்று வயது மழலை ஏறுகிறது, எல்.கே.ஜி. படிக்க! அதே வயதில் இன்னொரு பிள்ளை. அப்பன் லாரியிலே, அம்மா கோழிப்பண்ணையிலே. அது பாட்டியின் கைபிடித்துப் பால்வாடிக்குப் போகிறது.

பால்வாடியை நாம் இகழவில்லை. சோறும் முட்டையும் தந்து ஏழைப் பிள்ளையைக் காத்த இடம் அது. ஆனால், எடை பார்த்து, பதிவேடு எழுதி, கருவுற்ற தாய்மாரையும் கவனிக்கும் ஒரே ஊழியர், எழுத்தறிவிக்க நேரத்துக்கு எங்கே போவார்?

2002இல் திருத்திய அரசியல் சட்டமும், 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டமும் 6 வயது முதல் 14 வரைதான் கல்வியை உரிமை என்கின்றன. அதற்கு முந்தைய மூன்றாண்டு? காசுள்ளவன் விலைக்கு வாங்குகிறான், இல்லாதவன் ஏங்குகிறான்!

தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடம் உண்டே என்பார்கள். உண்டு, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருந்தால்! பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட இத்தொகுதியில், கொல்லிமலையில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு அந்தப் பள்ளி எங்கே? அந்த இடத்துக்கும் 2025இல் வந்தது சோதனை. டில்லி நிதியை நிறுத்த, சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. தாமதத்தால் தவித்தது யார் பிள்ளை?

1953இல் பாதி நாள் படிப்பு, பாதி நாள் அப்பன் தொழில் என்றார்கள். தமிழகம் கொதித்தெழுந்தது, 1954இல் அத்திட்டம் மாண்டது. அன்று பறிக்கப் பார்த்தது பாதி நாள். இன்று பறிபோவது முதல் மூன்றாண்டு! கொதிக்க வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளிகளை ஒட்டிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கின. 2022இல் அவற்றைக் கைவிடுவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அறிவிப்பு பின்வாங்கியது. கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சான்று இது!

நாம் கேட்கிறோம்: ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளியிலும் பாலர் வகுப்பு வேண்டும், அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், மலையூருக்கு முதலில் வேண்டும். கோட்டையில் எவர் அமர்ந்தாலும் இதுவே நம் கோரிக்கை.

கிளைத் தோழர்களே! உங்கள் தெருவில் மூன்று வயதுப் பிள்ளைகள் எத்தனை, எங்கே போகின்றன, எத்தனை வீட்டிலேயே கிடக்கின்றன என்று எண்ணுங்கள். பட்டியலோடு பள்ளிக்குச் செல்லுங்கள். வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்த கால்கள், மழலைப் பட்டியலுக்கும் நடக்கட்டும்!