இரண்டு மலைச் சைக்கிள்கள், இரண்டு கீல்கள்

சான்டா குரூஸ் மெகாடவர், யெட்டி எஸ்பி160 இரண்டும் என்டூரோ பந்தயத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்ட முழு சஸ்பென்ஷன் மலைச் சைக்கிள்கள். என்டூரோவில் மலை உச்சிக்கு ஓட்டுபவரே மிதித்து ஏற வேண்டும். ஏற்றத்துக்கு மதிப்பெண் இல்லை; குறித்த நேரத்துக்குள் மேலே போய்ச் சேர்ந்தால் போதும். கடிகாரம் ஓடுவது இறக்கத்தில் மட்டும்தான். ஆகவே இந்த வகைச் சைக்கிளின் தலையில் விழும் வேலைகள் இரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. ஏறும்போது காலின் பலம் ஸ்பிரிங்கில் வீணாகக் கூடாது. இறங்கும்போது அதே ஸ்பிரிங், குறுக்கே வரும் பாறையையும் மரவேரையும் விழுங்கிவிட வேண்டும்.

விவரப் பட்டியலை மட்டும் படித்தால் இரண்டையும் இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்லத் தோன்றும். மெகாடவரின் இரண்டாம் தலைமுறையும் எஸ்பி160-உம் ஒரே ஆண்டில், 2022-இல் வெளிவந்தன. மெகாடவரின் பின்சக்கரம் 165 மி.மீ. வரை மேலே எழும். யெட்டியில் அது 160 மி.மீ. முன் ஃபோர்க்கின் அளவு இரண்டிலும் 170 மி.மீ. இரண்டுக்கும் 29 அங்குலச் சக்கரங்கள், கார்பன் ஃபைபர் ஃபிரேம், ஐந்து அளவுகள். ஹேண்டில்பாரைத் தாங்கும் தலைக்குழாய் கிட்டத்தட்ட 64 பாகையிலும், சீட் குழாய் 77 பாகையை ஒட்டியும் சாய்ந்திருக்கின்றன. எடை 15 கிலோ அளவில். வெளிவந்தபோது உயர்ந்த பாகங்கள் பூட்டிய மாடல்களின் விலை 10,000 டாலர் அளவில் இருந்தது. பல மாடல்களில் முன்னால் இருக்கும் ஃபோர்க்கும் ஒன்றேதான்: ஃபாக்ஸ் 38.

அந்த 5 மி.மீ. வித்தியாசத்தைப் பெரிதாக நினைக்க வேண்டியதில்லை. ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் அவருடைய எடைக்குச் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும். இந்த ஆரம்ப அமுக்கம் மொத்த நீளத்தில் 30 விழுக்காடு அளவுக்கு இருக்கும்படி சஸ்பென்ஷனின் காற்றழுத்தத்தை வைப்பது வழக்கம். அந்தக் கணக்கில் மெகாடவர் சுமார் 50 மி.மீ. இறங்கும், யெட்டி 48 மி.மீ. இறங்கும். இந்த 2 மி.மீட்டரை எந்தக் காலும் உணராது. கால் உணர்வது, மிச்சமுள்ள தூரத்தைப் பின்சக்கரம் எந்தப் பாதையில் கடக்கிறது, அப்போது செயினுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான். இரண்டு நிறுவனங்களும் பிரிவது அந்த இடத்தில்.

சிக்கலின் வேர் செயினில் இருக்கிறது. பெடலை ஓங்கி மிதித்தால் சைக்கிள் முன்னே பாய்கிறது, உடல் எடை பின்னால் சாய்கிறது, பின் சஸ்பென்ஷன் அமுங்குகிறது. ஒவ்வொரு மிதிக்கும் இப்படி அமுங்கி எழுந்தால் ஏற்றத்தில் ஓட்டுபவர் பாதி வழியிலேயே களைத்துப்போவார். செயினின் இழுப்பு இந்த அமுக்கத்தைத் தடுக்கும்படி கீல்களை அமைப்பதே இதற்குத் தீர்வு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. செயின் அப்படித் தடுக்க வேண்டுமானால், சக்கரம் மேலே எழ எழப் பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் உள்ள தூரம் கூட வேண்டும். மெதுவாக, பெரிய பல்சக்கரத்தில் மிதித்து ஏறும்போது பின்சக்கரம் ஒரு தடித்த வேரில் ஏறினால், நீள வேண்டிய செயின் பெடலைப் பின்னோக்கி இழுக்கும். பாதத்தில் ஓர் உதை விழும். தடுப்பு குறைந்தால் சைக்கிள் தொய்ந்து ஏறும். கூடினால் பாதத்தை உதைக்கும். கடந்த முப்பது ஆண்டுகளாக மலைச் சைக்கிள் வடிவமைப்பாளர்கள் மல்லுக்கட்டி வருவது இந்த ஒரு சிக்கலோடுதான் என்றால் பெரிய மிகை இல்லை.

சான்டா குரூஸின் விடை வி.பி.பி. அமைப்பு. 1990-களில் அவுட்லேண்ட் என்ற சிறு நிறுவனம் வைத்திருந்த காப்புரிமைகளை, 2000-களின் தொடக்கத்தில் சான்டா குரூஸ் வாங்கியது. இதில் பின்பக்க முக்கோணம் ஒரே விறைப்பான துண்டு. அதை முன் ஃபிரேமோடு சேர்ப்பவை இரண்டு குட்டையான இணைப்புக் கைகள். சக்கரம் எழும்போது ஒரு கை ஒரு திசையிலும் மற்றது எதிர்த்திசையிலும் சுழல்கின்றன. ஆகவே சக்கரம் எந்தப் புள்ளியைச் சுற்றி நகர்கிறதோ, அந்தப் புள்ளியில் ஃபிரேமில் ஒரு போல்ட்டும் இல்லை. அமுக்கம் கூடக் கூட அது இடம் மாறிக்கொண்டே போகும். ஷாக் அப்சார்பரை இயக்குவது கீழ்க்கை. செங்குத்து இறக்கப் பந்தயச் சைக்கிளான வி10 காட்டிய, கீழ்க்கை ஷாக்கை இயக்கும் இந்த ஏற்பாட்டை 2017-இல் தங்கள் நோமாடு மாடலுக்கும், 2019-இல் முதல் மெகாடவருக்கும் கொண்டுவந்தார்கள். 2009-இல் கான்பெராவில் ஸ்டீவ் பீட் உலகப் பட்டம் வென்றதும், 2021-இல் கிரெக் மின்னார் 39 வயதில் வென்றதும் வி10 மீதுதான். இறக்கத்தில் அமைதியாக நிற்கும் குணம் மெகாடவருக்கு அந்தக் குடும்பத்திலிருந்து வந்தது.

யெட்டி வேறு வழியில் போனது. எஸ்பி160-இன் பெடல் அச்சுக்குச் சற்று மேலே குனிந்து பார்த்தால், பொன்னிறப் பூச்சுள்ள இரண்டு குட்டைத் தண்டுகள் தெரியும். விரல் நீளம்தான் இருக்கும். அவற்றின் மீது ஒரு சிறிய கட்டை வழுக்கி ஓடுகிறது. பின்பக்க முக்கோணத்தின் முக்கியக் கீல் அந்தக் கட்டையில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. அதாவது இங்கே கீலே நகர்கிறது. சக்கரம் எழத் தொடங்கும்போது கட்டை மெல்ல மேலே போகிறது. அந்தக் கட்டத்தில் செயினின் தடுப்பு பலமாக இருப்பதால் மிதிக்கும் பலம் வீணாவதில்லை. அமுக்கம் ஆழமாகப் போனதும் கட்டை திசை மாறிக் கீழே இறங்குகிறது. செயினின் பிடி தளர்கிறது, சக்கரம் தடையில்லாமல் எழுந்து பாறையைத் தாண்டுகிறது. ஸ்விட்ச் இன்ஃபினிட்டி என்ற இந்த ஏற்பாட்டை ஃபாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கி, 2014-இல் யெட்டி அறிமுகப்படுத்தியது. ஒரே கீல் இரண்டு பகையான வேலைகளையும் முறை வைத்துச் செய்கிறது. பொறியியலில் இப்படி ஒரு நேர்த்தி அபூர்வம்.

பந்தயக் களம் இதற்கு உடனே சான்று கொடுத்தது. 2013-இல் தொடங்கிய என்டூரோ உலகத் தொடரில் 2014-இல் ஜாரெட் கிரேவ்ஸும், 2015, 2016 இரண்டு ஆண்டுகளும் ரிச்சி ரூடும் ஒட்டுமொத்தப் பட்டம் வென்றார்கள். மூன்றும் யெட்டிக்கு. கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலையடிவாரத்துக் கோல்டன் ஊரில் இருக்கும், பெரிய நிறுவனங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய இந்த நிறுவனத்துக்கு அது எளிதாகக் கிடைத்த பெயர் அல்ல.

ஓட்டும்போது வித்தியாசம் எங்கே தெரியும்? நீண்ட ஏற்றத்தில் யெட்டி ஒரு படி முன்னே நிற்கும். எழுந்து நின்று மிதித்தாலும் பின்பக்கம் தொய்யாது. இறக்கத்திலும் உடல் பலத்தைக் கொடுத்து அழுத்தி ஓட்டுபவருக்கு அது உடனுக்குடன் பதில் சொல்லும். திருப்பத்தில் தள்ளினால் தள்ளிய அளவுக்கு வேகம் திரும்பக் கிடைக்கும். மெகாடவரின் குணம் வேறு. சிறு கற்கள் நிறைந்த பாதையில் அது தரையோடு ஒட்டி ஓடும். களைத்த கைகளோடு, கோடு தவறிப் பாறைக் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டாலும் நிதானம் இழக்காமல் வெளியே கொண்டுவந்து சேர்க்கும். திறமையான பந்தய வீரருக்கு யெட்டி பிடிக்கும். வார இறுதியில் நண்பர்களோடு நாள் முழுக்க ஓட்டுபவருக்கு மெகாடவரின் மன்னிக்கும் குணம் பெரிய துணை.

சைக்கிளைச் சொந்தமாக வைத்துப் பராமரிப்பது தனிக் கதை. வாங்கும் நேரத்தில் பலரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. மெகாடவரின் கீல்களில் இருப்பவை பேரிங்குகள். முதல் உரிமையாளருக்கு அவற்றை வாழ்நாள் முழுவதும் நிறுவனம் இலவசமாகக் கொடுக்கிறது. கீழ்க்கையில் கிரீஸ் செலுத்த ஒரு துளையும் உண்டு. ஃபிரேமின் கீழ்க்குழாயில் சிறிய மூடி ஒன்று இருக்கிறது. திறந்தால் உள்ளே டியூபும் கருவிகளும் வைக்க இடம், முதுகுப் பை தேவையில்லை. ஒரு சிறு துண்டைத் திருப்பிப் போட்டால் சைக்கிளின் உயரமும் தலைச்சாய்வும் கொஞ்சம் மாறும். குறையும் இல்லாமல் இல்லை: ஷாக், சீட் குழாயின் அடியில் ஒரு பொந்துக்குள் புகுந்து போவதால் அமுக்க அளவைப் பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டும், பின்சக்கரம் அள்ளி எறியும் சேறும் அந்தப் பக்கம்தான் வரும்.

யெட்டியில் ஷாக் திறந்த இடத்தில் இருக்கிறது. கை எட்டும், கண் எட்டும். ஆனால் வழுக்கும் அந்தக் கட்டைக்கு ஏறத்தாழ 40 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் போட வேண்டும். சுலபமான வேலைதான், மறந்துவிடக் கூடாது, அவ்வளவே. தேய்ந்துபோனால் சாதாரணப் பேரிங்கைப் போலப் பக்கத்துக் கடையில் வாங்கிப் போட முடியாது; அது யெட்டியின் பாகம், யெட்டியிடமிருந்தே வர வேண்டும். உள்ளே பொருள் வைக்கும் அறையும் வடிவத்தை மாற்றும் வசதியும் எஸ்பி160-இல் இல்லை. ஃபிரேமுக்கு முதல் உரிமையாளருக்கான வாழ்நாள் உத்தரவாதம் இரண்டு நிறுவனங்களும் தருகின்றன.

எதை வாங்கினாலும் வாங்கிய அன்றே ஷாக்கின் காற்றழுத்தத்தை ஓட்டுபவரின் எடைக்கேற்பச் சரிசெய்ய வேண்டும். பையும் தண்ணீரும் ஹெல்மெட்டும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். தவறான அழுத்தத்தில் ஓடும் பத்தாயிரம் டாலர் சைக்கிள், சரியான அழுத்தத்தில் ஓடும் பாதி விலைச் சைக்கிளிடம் தோற்கும்.

பந்தயத்தில் வினாடிகளை எண்ணி ஓட்டுபவர், நீண்ட ஏற்றங்கள் உள்ள ஊரில் இருப்பவர், தவறாமல் கிரீஸ் போடும் பழக்கமுள்ளவர் எஸ்பி160-ஐ எடுக்கலாம். ஏற்றத்தில் இந்த அளவு சஸ்பென்ஷனோடு அதற்கு இணையாக ஏறும் சைக்கிள்கள் குறைவு. மற்ற பெரும்பாலோருக்கு மெகாடவரே பொருத்தம். பேரிங் இலவசமாக வருகிறது, கருவி ஃபிரேமுக்குள்ளேயே இருக்கிறது, தவறு செய்தாலும் இறக்கத்தில் தாங்கிக்கொள்கிறது.